பிரான்ஸ் என்று ஒட்டிய க்ரீம்

அமீர் நிஷா யாரையும் லேசில் மதித்துவிட மாட்டாள். காரைக்கால் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெகபர் அலியின் ஃபாரின் சாமான் கடையில் பல வருஷம் வேலைக்கு நின்றதில் அந்தக் குணம் முற்றிப்போயிருந்தது.

கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "இது எந்த நாடு?" என்றுதான். சோப்பு நுரைக்குமா, போர்வை சாயம் போகுமா என்று ஒருத்தரும் கேட்பதில்லை. அவள் புருஷன் அஜ்மீர் குவைத்தில் லாரி ஓட்டுகிறவர். ஒரு லீவில் அவர் கொண்டுவந்த சோப்பின் உறையில் 'மேட் இன் இந்தியா' என்றே அச்சடித்திருந்தது. பக்கத்து வீட்டு நஜீபா அதை மூக்கில் வைத்து உறிஞ்சிவிட்டு, "என்ன இருந்தாலும் ஃபாரின் வாசமே தனி" என்றாள். அமீர் நிஷா உறையைத் திருப்பிக் காட்டவில்லை. இதுகளுக்குக் காட்டி என்ன ஆகப்போகிறது?

ஜெகபர் அலிக்கும் இந்த ஜனங்களை நன்றாகத் தெரியும். பார்சலில் வரும் சாமான்களில் இருக்கும் நாட்டுப் பெயரைப் பெயிண்ட் கரைக்கும் தின்னர் தொட்டு அழித்துவிட்டு 'மேட் இன் பிரான்ஸ்' ஸ்டிக்கரை ஒட்டுவார். பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊர், பாதிப் பேருக்குப் பாரிஸில் சொந்தக்காரன் இருக்கிறான். மீதிப் பேருக்கு இல்லையே என்ற ஏக்கம் இருக்கிறது. கும்பகோணத்தில் அடித்த அந்த ஸ்டிக்கரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. அதைக்கூட யாரும் கவனித்ததில்லை.

"ஒட்டுறத நீங்களே ஒட்டிக்குங்க நானா" என்று மட்டும் அமீர் நிஷா முதலாளியிடம் சொல்லியிருந்தாள். அண்ணன் முறையில் அவரை 'நானா' என்றுதான் கூப்பிடுவாள்.

போன வருஷம் முகம் வெளுக்கும் க்ரீம் ஒன்று வந்தது. கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்த வரிச்சிக்குடி டீச்சர் உமாமகேஸ்வரி ஒரு டப்பா வாங்கிப் போனாள். கொஞ்ச நாளில் அப்பா மருதையனோடு, துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு திரும்பி வந்தாள். இரண்டு கன்னமும் கன்றித் தோல் உரிந்திருந்தது.

"இதுல என்ன கலந்திருக்குன்னு டாக்டர் கேக்கிறாரு பாய்" என்றார் மருதையன். "எங்க செஞ்சதுன்னு தெரிஞ்சாலாவது தேடிப் பாக்கலாங்கிறாரு."

ஜெகபர் அலி சிரித்தார். "பிரான்ஸ் சரக்குங்க. வயக்காட்டுத் தோலுக்கு ஒத்துக்காது."

மருதையன் தன் கறுத்த கையைப் பார்த்துக்கொண்டார். குற்றம் தங்கள் தோலில்தான் என்று நம்பிவிட்டவர்போல வாசல் பக்கம் திரும்பினார். முதலாளியின் சிரிப்பைவிட அந்தத் திரும்பலைத்தான் அமீர் நிஷாவால் பொறுக்க முடியவில்லை.

உள்ளே போய், இன்னும் பெயர் அழிக்காத பார்சலைப் பிரித்து அதே க்ரீம் டப்பா ஒன்றை எடுத்துவந்தாள். அதில் வேறொரு நாட்டின் பெயரும் கம்பெனி விலாசமும் தெளிவாக இருந்தன.

"இதைக் கொண்டுபோய் டாக்டர்ட்ட காட்டுங்க" என்று உமாமகேஸ்வரி கையில் கொடுத்தாள்.

ஜெகபர் அலி முகம் சிவந்தது. "சோறு போட்ட கடைக்குத் துரோகமா?"

"நின்னு சம்பாதிச்ச சோறு, நானா. பிரான்ஸ்காரன் உங்களுக்கு என்ன பாவம் பண்ணினான், ஊர்க் குப்பைக்கெல்லாம் அவன் பேரை வைக்கிறீங்க?"

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கியவள் அந்தப் படியை அப்புறம் மிதிக்கவில்லை.

க்ரீமில் பாதரசம் இருந்தது தெரிந்தது. வைத்தியத்தை மாற்றினார்கள், முகம் மெல்லத் தேறியது. புகார் போய் அதிகாரிகள் வந்து சரக்கை அள்ளிப்போனார்கள். கடை சில மாதம் பூட்டிக் கிடந்து, வேறு பெயர்ப் பலகையோடு திறந்தது. கூட்டம் குறையவில்லை.

அமீர் நிஷா இப்போது ஒரு ஜவுளிக்கடையில் இருக்கிறாள். எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்டால் உள்ளபடி திருப்பூர் என்பாள், பானிபட் என்பாள். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போகிறவர்களைத் திரும்ப அழைப்பதில்லை.

தள்ளிவைத்திருந்த கல்யாணத்துக்குப் பத்திரிகை கொடுக்க மருதையன் அந்தக் கடைக்கே தேடி வந்தார். "நீங்க இல்லேன்னா எம்புள்ள முகம் என்னாயிருக்கும்மா" என்று கண் கலங்கினார். அவளுக்கும் மனசு கொஞ்சம் இளகியது. போகும்போது அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"மாப்பிள்ளைக்குத் தட்டுல வைக்கணும்மா. நல்ல ஃபாரின் செண்ட்டு எங்க கிடைக்கும்?"

அமீர் நிஷா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். துண்டுகளை மடிக்கப் போய்விட்டாள்.