பூசைக்குத் துடைத்த நெட்வேர்க் கார்டு

அருந்ததிக்குத் தற்பெருமை கொஞ்சம் தூக்கல்தான். வெள்ளவத்தையில் மீன் வாங்க நின்றாலும், பக்கத்தில் நிற்பவர் யார் எவர் என்று பாராமல், "எங்கட டியூட்டரியில ஒரு கொம்பியூட்டரிலயும் விண்டோஸ் இல்லை, எல்லாம் லினக்ஸ்" என்று தொடங்கிவிடுவாள். பெருமைப்பட அவளுக்கு உரிமை இருந்தது. கொட்டாஞ்சேனையில் சண்முகலிங்கம் நடத்தும் டியூட்டரி என்ற தனியார் வகுப்பு நிலையத்தில் போனுக்குப் பதில் சொல்லும் வேலைக்கு வந்தவள், பழுதான கணினிகளைத் தானே கழற்றிப் பூட்டிப் பழகி, கடைசியில் முழு நெட்வேர்க்கையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். சண்முகலிங்கத்துக்குத்தான் லினக்ஸில் நம்பிக்கை வரவேயில்லை. ஒரு வகுப்புக் குழம்பினாலும் அத்தனையையும் அழித்துவிட்டு விண்டோஸ் போடுவேன் என்று சொல்லியே வைத்திருந்தார்.

சரஸ்வதி பூசைக்குக் கணினிகளைத் திறப்பது அவள் வேலை. தூசு தட்டி, கார்டுகளைக் கழற்றித் துடைத்துப் பூட்டி, சந்தனமும் குங்குமமும் வைப்பாள். அன்று எதையும் இயக்குவதில்லை. விஜயதசமி காலை, முதல் வகுப்போடுதான் சுவிட்சைப் போடுவார்கள். இந்த வருடம் அந்த வகுப்பை யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இருந்து பிள்ளைகள் ஒன்லைனில் பார்க்கக் காத்திருந்தார்கள்.

சுவிட்சைப் போட்டால் வகுப்பை அனுப்பும் கணினியில் இன்டர்நெட் இல்லை. கேபிளை மாற்றினாள், ரவுட்டரை அணைத்துப் போட்டாள். ஒன்றுக்கும் மசியவில்லை. சண்முகலிங்கம் பட்டு வேட்டியோடு வந்து பின்னால் நின்றார்.

"உந்த லினக்ஸ் தன்ர குணத்தைக் காட்டிப்போட்டுது. மருதானையில ஒரு பெடியன் இருக்கிறான். விண்டோஸ் போட வரச் சொல்லட்டே?"

"கொஞ்சம் பொறுங்கோ சேர்."

இத்தனை வருட உழைப்பு ஒரு காலையில் போய்விடும் போலிருந்தது. நெட்வேர்க் கார்டுகளைக் காட்டும் கட்டளையைத் தட்டினாள். கார்டு உயிரோடுதான் இருந்தது. ஆனால் enp3s0 என்றிருந்த அதன் பெயர் enp5s0 என்று மாறியிருந்தது. அவளுக்குச் சட்டென்று விளங்கியது. கார்டு செருகியிருக்கும் இடத்தை வைத்துத்தான் லினக்ஸ் அதற்குப் பெயர் வைக்கும். பூசைக்குத் துடைத்த கார்டை அவள் வேறு இடத்தில் செருகிவிட்டாள். நெட்வேர்க் அமைப்போ இன்னும் பழைய பெயரைத் தேடிக்கொண்டிருந்தது.

புதுப் பெயரை எழுதிவிட்டால் வேலை முடிந்துவிடும்தான். அவள் அதோடு விடவில்லை. கார்டைச் செய்தவர்களே அதில் பதித்துவிட்ட இலக்கத்தைப் பிடித்து, அந்த இலக்கத்துக்கென்று ஒரு நிலையான பெயரை எழுதி வைத்தாள். கணினியை மறுபடி இயக்கினாள். திரையில் பிள்ளைகளின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன.

"என்ன பிழை?" என்று கேட்டார் சண்முகலிங்கம்.

ஏதோ அப்டேட்டால் வந்த பிழை என்று சொன்னால் அவள் மானம் தப்பும், லினக்ஸ் போய்விடும்.

"மெஷினில ஒரு பிழையும் இல்லை சேர். பூசைக்குத் துடைக்கேக்க நான்தான் கார்டை மாறிச் செருகினனான். இனி எங்க செருகினாலும் பேர் மாறாது."

மருதானைப் பெடியனை அழைக்க எடுத்திருந்த போனை அவர் அவளைப் பார்த்தபடியே சட்டைப் பைக்குள் போட்டார்.

"அப்ப என்ர வீட்டு லப்டொப்புக்கும் உந்த லினக்ஸைப் போட்டுத் தாரும்."

பிழையை ஒப்புக்கொண்டவளுக்கு இவ்வளவு பெருமை வரலாம் என்று அருந்ததி அன்றுவரை அறிந்திருக்கவில்லை.