மரம் விழுந்ததைப் பார்த்த சாட்சி

கல்லாகிப்போன மரத்துண்டுகளைப் படமெடுத்துக் கணினியில் ஏற்றும் வேலையில், மதுரைக் கல்லூரி ஒன்றில் நான் இருந்தேன். பெரம்பலூர்ப் பக்கம் சேகரித்த எட்டுத் துண்டுகளோடு வேனில் திரும்பும்போது, கொட்டாம்பட்டி அருகே மரம் ஏற்றிய வண்டிகளைச் சோதிக்கும் சாவடியில் காவலர் ஒருவர் கைகாட்டி நிறுத்தினார்.

ஒல்லியான மனிதர், மீசை மட்டும் இரண்டு ஆளுக்குப் போதும். எதையும் முகர்ந்து பார்ப்பார். கல்லூரி கொடுத்த கடிதத்தைக்கூட முகர்ந்துவிட்டுத்தான் படித்தார்.

“மரம்னு போட்டிருக்கு. பெர்மிட் எங்க?”

“அண்ணே, இது கல்லாயிருச்சு. பல கோடி வருசத்து மரம்.”

“அம்புட்டு வருசமா பெர்மிட் வாங்காமயா இருந்தீக?”

இரவல் வாங்கிய டிஜிட்டல் கேமராவைச் சாயங்காலம் திருப்பிக் கொடுக்க வேண்டும். கெஞ்சினேன். அவர் ஒரு துண்டைத் தூக்கி, கண்ணை மூடி முகர்ந்தார்.

“புளியும் இல்ல, வேம்பும் இல்ல. யாரு வெட்டுனது?”

“யாரும் வெட்டல. தானா விழுந்தது.”

“பாத்த சாட்சி?”

வேறு வழி தெரியாமல், “நான்தான்” என்றேன்.

அவர் திருப்தியோடு அதைப் பதிவேட்டில் எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கினார். எட்டுத் துண்டுகளிலும் சாக்பீஸால் எண் போட்டு, “பாத்துப் போங்க தம்பி” என்று வழிவிட்டார்.

படமெடுக்கும் முன் எண்களைத் துடைக்கச் சொன்னார் பேராசிரியர். ஒரு துண்டில் மட்டும் துடைக்க மனம் வரவில்லை.

அந்தக் காவலர் என்னைக் கேலி செய்தாரா, கடமையைச் செய்தாரா என்று இன்றும் தெரியவில்லை. ஆனால் அந்த மரம் விழுந்ததைக் கண்ணால் பார்த்தவன் என்று அரசாங்கப் பதிவேட்டில் இருப்பது என் பெயர் ஒன்றுதான்.