நான் மறித்துவைத்த மழை

பக்கத்து வீட்டுப் பிலோமினா சமைக்கும் குசினி இடிந்தது என்னால்தான். ஊராரிடம் மழையின் மேல் பழியைப் போட்டுவிட்டுச் சில காலம் திரிந்தேன்.

அனலைதீவில் கோடை வந்தால் கிணறுகள் உவர்த்துவிடும். மாரிமழையை என் வீட்டு வளவுக்குள் மறித்து நிலத்தில் ஊறவிட்டால், என் கிணறு ஆடிவரை நல்ல தண்ணீராக இருக்கும். 2008 கார்த்திகையில் புயல் வந்தபோதும், கடற்பக்க வாய்க்காலை மண்மூட்டைகளால் அடைத்திருந்தேன். பிலோமினா வீட்டு வெள்ளமும் அந்த வாய்க்காலால்தான் கடலுக்குப் போகவேண்டும்.

இரண்டாம் நாள் அவள் முழங்கால் தண்ணீரில் வந்து நின்றாள்.

"மாஸ்டர், வாய்க்காலைத் திறந்துவிடுங்கோ. குசினி மண்சுவரெல்லே, ஊறிப்போச்சு."

"பொறும் பிள்ளை, புயல் இண்டைக்குக் கடந்திடும்."

"உங்களிட்டச் சொல்லிப்போட்டோ வந்தது?"

புயல் நகரவில்லை. தலைக்கு மேலேயே நின்று கொட்டியது. மறுநாள் காலை சத்தம் கேட்டு ஓடினேன். சுவர் அடுப்பின்மேல் சரிந்து கிடந்தது. அவள் சேற்றுக்குள் சோற்றுப்பானையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

மூட்டைகளை நானே இழுத்தெறிந்தேன். வெள்ளம் வடிந்ததும் கல்லால் குசினி கட்டிக் கொடுத்தேன். என் கிணற்றில் அவள் தண்ணீர் அள்ள, இடைவேலியை வெட்டி வழியும் விட்டேன்.

அடுத்த ஆடியிலும் கிணறு உவர்க்கவில்லை. பிலோமினா ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இனிக்காமல் என்ன செய்யும் மாஸ்டர்? என்ர குசினி கரைஞ்ச தண்ணியெல்லே!"

நானும் சிரித்தேன். ஆனால் அன்று நான் அள்ளிய தண்ணீரை அவளுடைய குடத்தில் ஊற்றிவிட்டேன். இன்றும் கோடையில், அவள் அள்ளிப்போன பிறகுதான் நான் வாளியை இறக்குகிறேன்.