முன்னால் குடியிருந்தவளின் கூந்தல்

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையின் இஸ்திரிப் பிரிவில் அவளைத் துடைப்பம் என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர்; பள்ளியை விட்டும் பெயர் அவளை விடவில்லை. நாளைக்கு முந்நூறு சட்டைகளின் சுருக்கத்தை நீவி எடுக்கிற கைகாரிக்குத் தன் தலையிலிருக்கும் சுருக்கத்தை நீவ வழி தெரியவில்லை என்றால், நாலு பேர் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். அவளைப் பெற்றவளுக்கு அந்தப் பழமொழியை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. "உன் தலையை வாரி வாரி என் கையே ஒடிஞ்சு போச்சு" என்று சிக்கு விழும் இடமெல்லாம் முதுகில் ஒரு அடி வைப்பாள். பத்து வயதில் சீப்பை மகளின் கையில் திணித்துவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். பதினாறு வயதில் மகள் மேஜைமேல் தலையைச் சாய்த்து, முடியைப் பரப்பி, துணி தேய்க்கும் பெட்டியாலேயே அதைத் தேய்த்துப் பார்த்தாள். முடி பொசுங்கியதும் காதோரம் வெந்ததும்தான் மிச்சம்.

முப்பத்தொன்றாம் வயதில், வேலைக்கு நடந்தே போகலாம் என்பதற்காக அந்த மாடி அறைக்குக் குடிவந்தாள். ஒரு அறை, ஒரு குளியலறை, தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல்.

"இதுக்கு முன்னாடி யாரு இருந்தா?" என்று கேட்டாள்.

"ஒரு பொண்ணு இருந்தா. போயிட்டா" என்று சொல்லிச் சாவியை நீட்டினாள் வீட்டுக்காரம்மா. மற்ற எதைக் கேட்டாலும் மூச்சுவிடாமல் பேசுகிற பெண்மணி, அன்று அதோடு வாயை மூடிக்கொண்டாள்.

குளியலறை அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. சின்னச் சின்ன, சுத்தமான கையெழுத்து. ஆளிவிதை இரண்டு கரண்டி, தண்ணீர் நாலு கோப்பை. முட்டை வெள்ளைக்கரு பதத்துக்கு வந்ததும் இறக்கு. சூட்டோடு வடிகட்டு. ஷாம்பு வேருக்கு மட்டும். நுனிக்கு வழிகிற நுரை போதும். கடைசி அலசல் பச்சைத் தண்ணீரில், ஒரு மூடி வினிகர் விட்டு. துண்டால் தேய்க்காதே, பழைய பனியனால் ஒற்று. ஈரத்தோடு கூழைத் தடவி, முடியைத் தலையைச் சுற்றி நீவி, கொண்டை ஊசி குத்து. காயும்வரை அவிழ்க்காதே. அவசரப்பட்டால் போச்சு.

ஆசை யாரை விட்டது? முதல் ஞாயிறு, ஆறட்டுமே என்று கூழை வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். திரும்பி வந்தால் விதையும் கூழும் ஒன்றாக இறுகி, பிழிந்தாலும் இறங்குவேனா என்றது. இரண்டாவது ஞாயிறு பாதி ஈரத்திலேயே அவிழ்த்துப் பார்த்தாள். துடைப்பம் துடைப்பமாகவே வெளியே வந்தது. மூன்றாவது ஞாயிறு எழுதியிருந்ததை எழுதியிருந்தபடி செய்தாள். நாலு மணி நேரம் பொறுத்து ஊசிகளை எடுத்தபோது, முறுக்கிக்கொண்டு தோளுக்கு மேலே ஏறிக் கிடந்த முடி வழுக்கி இறங்கி இடுப்பைத் தொட்டது. ஜன்னல் வெளிச்சம் அதன்மேல் நீளமாக ஓடியது. தன்னுடைய தலைதானா என்று இரண்டு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் இஸ்திரிப் பிரிவே நிமிர்ந்து பார்த்தது. "நம்ம துடைப்பமாடி இது?" என்று பித்தான் தைப்பவள் வாயைப் பிளந்தாள். எட்டு வருடமாக "ஏய்" என்று மட்டுமே கூப்பிட்ட சூப்பர்வைசர் "என்னம்மா" என்றார். மனிதர்களுக்கு மரியாதை எங்கிருந்து வருகிறது பாருங்கள்!

அதோடு நின்றிருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஜன்னலுக்கு முதுகு காட்டி முடியை உலர்த்தும்போதெல்லாம் பின்னால் யாரோ உட்கார்ந்திருப்பதாக அவளுக்குத் தோன்ற ஆரம்பித்தது. ஞாயிறுதோறும் குளித்து முடித்ததும் சாக்கடைக் குழி வாயில் ஒரே ஒரு முடி கிடக்கும். அவள் முடியைவிட ஒரு முழம் நீளம், துளி வளைவில்லாத முடி. பழைய குழாய், அடைபட்டிருந்தது மேலே வருகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அதை விரலில் சுற்றி ஜன்னல் வழியே எறிந்துவிடுவாள்.

ஒரு ஞாயிறு முற்பகல் ஜன்னலோரம் முடியை உலர்த்திக்கொண்டிருந்தபோது தெருவிலிருந்து ஒரு அலறல் கேட்டது.

"குட்டி!"

படிகளில் யாரோ விழுந்தடித்து ஏறிவரும் சத்தம். அவள் திரும்பினாள். வாசலில் ஐம்பது வயதுள்ள ஒரு பெண் மூச்சிரைக்க, இரண்டு கைகளையும் நீட்டியபடி நின்றாள். திரும்பியவளின் முகத்தைப் பார்த்ததும் அந்தக் கைகள் மெல்ல இறங்கின. அப்படி ஒரு முகம் அணைந்துபோவதைத் துடைப்பம் அதற்குமுன் பார்த்ததில்லை. திரும்பாமலே இருந்திருக்கலாம் என்று மனதார நினைத்தாள்.

பின்னால் ஓடிவந்த வீட்டுக்காரம்மா அன்றைக்குத்தான் வாயைத் திறந்தாள். குட்டி என்பது அந்த அம்மாவின் ஒரே மகள். எட்டு மாதத்துக்கு முன் ஒரு காலையில் இந்த அறையைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போனவள், வேலைக்கும் போய்ச் சேரவில்லை, திரும்பியும் வரவில்லை. அம்மா இரண்டு மணி நேரம் பஸ் ஏறி வந்து, எதிர் நடைபாதையில் நின்று இந்த ஜன்னலைப் பார்த்துவிட்டுப் போவாளாம். "சொன்னா யாரும் குடி வர மாட்டாங்கன்னுதான் சொல்லல" என்று தரையைப் பார்த்தாள் வீட்டுக்காரம்மா.

அடுத்த ஞாயிறும் அந்த அம்மா வந்தாள். கையில் அகலப்பல் சீப்பு ஒன்று.

"ஒரே ஒரு தடவை வாரி விடட்டுமாம்மா? தப்பா நெனச்சுக்காத."

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? அம்மா நுனியிலிருந்து தொடங்கி, பிடி பிடியாக மேலே வந்தாள். ஒரு சிக்கைக்கூட இழுக்கவில்லை. அடி விழுமென்று தானாகக் குறுகிய முதுகை அந்தக் கை மெதுவாகத் தடவிக் கொடுத்தது. துடைப்பம் சத்தமில்லாமல் அழுதாள். முப்பத்தொரு வருடத்தில் அவள் தலையை அப்படி யாரும் தொட்டதில்லை.

ஒரு தடவை என்றது வாரா வாரம் ஆயிற்று. கூழ் காய்ச்சுவது, வடிகட்டுவது, நீவுவது எல்லாம் அம்மாவே. "திரும்பாத குட்டி, ஆடாத குட்டி" என்பாள். முகத்தைப் பார்க்கவே மாட்டாள். முதலில் கூசியது, பிறகு "ம், அம்மா" என்று பதிலும் வந்தது. தப்பென்று தெரிந்தது. ஆனாலும் சனிக்கிழமை வந்தால் எப்போது விடியும் என்று காத்திருந்தாள். திருட்டுத் தின்பண்டத்துக்கு ருசி அதிகம்தானே.

இரண்டு மாதம் இப்படியே ஓடியது. ஒரு ஞாயிறு, வாரிக்கொண்டே அம்மா சாதாரணமாகச் சொன்னாள்: "முந்தாநாள் வெள்ளிக்கிழமை ஸ்டேஷனுக்குப் போகல."

"எந்த ஸ்டேஷன்?"

"போலீஸ் ஸ்டேஷன்தான். பத்து மாசமா ஒரு வெள்ளி தவறினதில்ல. நான் உள்ள நுழைஞ்சாலே அந்த ஏட்டு தலையில கை வச்சுப்பாரு." அம்மா சிரித்தாள். "இனிமே எதுக்குப் போகணும்? நீதான் வந்துட்டியே."

சீப்பு அப்போது உச்சந்தலையில் இருந்தது. அம்மாவின் மற்றொரு கை தோளில் இருந்தது. இடுப்பருகே, முடியின் நுனியை யாரோ வெடுக்கென்று இழுத்தார்கள்.

துடைப்பத்துக்கு அப்போதுதான் உறைத்தது. காணாமல் போனவளை இந்த உலகத்தில் தேடிக்கொண்டிருந்தது ஒரே ஒரு ஆள். அந்த ஒரு ஆளையும் தேட விடாமல், ஜன்னலோரம் முதுகைக் காட்டி உட்கார வைத்திருக்கிறோமே! குட்டி எங்கேயாவது உயிரோடு இருந்தால்? எந்தக் கதவுக்குப் பின்னாலாவது, அம்மா தேடி வருவாள் என்று காத்திருந்தால்?

சரி என்று உடனே எழுந்து நல்லது செய்துவிட்டாள் என்று சொன்னால் அது பொய். திங்கள் போனது, செவ்வாய் போனது. "என்னம்மா" என்று சூப்பர்வைசர் கூப்பிட்டார், கண்ணாடி கண்ட இடமெல்லாம் நின்றாள். திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. யாரோ பெற்ற பெண்ணுக்காக, வாழ்நாளில் ஒருமுறை கிடைத்த அழகையும் ஒருமுறை கிடைத்த அம்மாவையும் விடு என்றால் லேசா?

வியாழக்கிழமை வேலை முடிந்து வந்ததும் துணிச் சோப்பை எடுத்தாள். வெந்நீரைக் கொதிக்கக் கொதிக்க மூன்று முறை தலைக்கு ஊற்றினாள். முரட்டுத் துண்டால் அடித்துத் துவட்டினாள். அரை மணி நேரத்தில் பழைய துடைப்பம் நாலாபக்கமும் எழுந்து நின்றது.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு, வீட்டுக்காரம்மாவிடம் முகவரி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். கதவைத் திறந்த அம்மா அவள் முகத்தைப் பார்த்து, "யாரு வேணும்?" என்றாள். உண்மையாகவே தெரியவில்லை.

"நான்தாம்மா. ஜன்னல் ரூம்."

அம்மாவின் பார்வை தலைக்கு ஏறியது. அடுத்த நொடி இரண்டு கைகளாலும் அந்த முடியைக் கொத்தாகப் பிடித்து உலுக்கினாள். "என் புள்ளைய என்னடி பண்ணின? எங்கடி என் புள்ள?"

துடைப்பம் விலக்கவில்லை. "எனக்குத் தெரியாதும்மா. யாருக்குமே தெரியாது. நான் உங்க குட்டி இல்ல. வாங்க, ஸ்டேஷனுக்குப் போலாம்."

அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். விட்டுப்போன பத்து மாத அழுகையையும் சேர்த்து அழுதாள் என்றுதான் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். வெயில் ஏறியபின் எழுந்து முகம் கழுவி, பெட்டியிலிருந்து போட்டோவை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

ஸ்டேஷனில் ஏட்டு நிமிர்ந்தார். "வாங்கம்மா. போன வாரம் வரலையே, பொண்ணு கிடைச்சிருச்சு போலன்னு ஃபைலைக் கட்டி மேல போட்டுட்டேன்." பிறகு துடைப்பத்தைப் பார்த்தார். "இவங்கதானா?"

அம்மா திரும்பி, முதல் தடவையாக அவள் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். நெற்றி, காதோரத் தழும்பு, தூக்கமில்லாத கண் எல்லாவற்றையும் பார்த்தாள்.

"இல்ல. இது வேற ஒருத்தி" என்றாள். "என் பொண்ணுக்கு முடி இடுப்புக்குக் கீழ வரைக்கும் இருக்கும். ஒரு வளைவு இருக்காது. வெயில்ல நின்னா பாக்குறவங்களுக்குக் கண்ணு கூசும். எழுதிக்குங்க."

"அதெல்லாம் அப்பவே எழுதினதுதானேம்மா."

"மறுபடியும் எழுதுங்க."