நிழல்கரைப் பனி

எங்கள் பள்ளத்தாக்கில் அப்பன் சொத்தைப் பிரித்தால் வெயில்கரை மகனுக்கு, நிழல்கரை மகளுக்கு. வெயில்கரையில் கோதுமை விளையும், மாடு மேயும். நிழல்கரையில் பாசிதான் விளையும். நவம்பரில் மலைக்குப் பின்னால் இறங்கும் சூரியன் பிப்ரவரியில்தான் எட்டிப் பார்க்கும். என் அண்ணி அஃப்ராவுக்கு அந்தப் பாசிதான் சீதனமாக வந்தது. எதிர்க்கரை முழுவதையும் அவளுடைய அண்ணன் வெண்டெலின் வாரிக்கொண்டான்.

அண்ணியின் மகள் ரோசினாவுக்கு மூச்சிரைப்பு. குளிர்காலம் போகும்வரை வெயில் விழும் அறையில் படுக்க வையுங்கள் என்றார் டாக்டர். அண்ணி ஆற்றைக் கடந்து போய் அண்ணன் வீட்டில் ஓர் அறை கேட்டாள். வெண்டெலின் அவளை வாசலிலேயே நிறுத்தி, வெயிலிலும் பங்கு கேட்கிறாயா, அப்பா பிரித்தது பிரித்ததுதான் என்று திருப்பி அனுப்பினான். பிள்ளை ஜனவரியில் போய்ச் சேர்ந்தது. அண்ணி அழுது நான் பார்க்கவில்லை. உள்ளுக்குள் கருவிக்கொண்டே இருந்தாள்.

யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரத்தானே செய்யும். பட்டணத்துக்காரர்கள் காலில் பலகை கட்டிக்கொண்டு பனியில் சறுக்க வந்தார்கள். அவர்களைச் சரிவின் உச்சிக்கு ஏற்றிவிட இரண்டு கரையிலும் கம்பிவட லிப்ட் வந்தது. எங்கள் லிப்டை ஓட்டுபவன் நான். வெயில் பட்ட பனி ஒன்றுக்கும் உதவாது என்பது அப்போதுதான் ஊருக்கு உறைத்தது. வெண்டெலின் சரிவில் காலையில் கண்ணாடி, மதியத்தில் களி. உச்சி ஊர்ச் சரிவுகளில் காற்று பனியைத் துடைத்துவிட்டுப் பாறையை மட்டும் மிச்சம் வைக்கும். கீழே ஆற்றுவாய் ஊர்களிலோ பனிக்குப் பதில் மழை. எங்கள் நிழல்கரையில் மட்டும் ஏப்ரல்வரை சலித்த மாவு போலக் கிடக்கும். அண்ணி லிப்ட் வாசலில் நின்றுகொண்டு வருகிறவர்களிடமெல்லாம், "எதிர்க்கரைக்கா? கஞ்சி குடிக்கணும்னா போங்க" என்பாள். அது அவளுக்குப் போதவில்லை என்று எனக்குத் தெரியும்.

போன குளிர்காலம் பனி ஏமாற்றிவிட்டது. கிறிஸ்துமஸ் நெருங்கியும் வெயில்கரை பச்சைப் பசேலென்று கிடந்தது. எங்கள் பக்கம் விழுந்த கொஞ்சமும் கரையாமல் மேல்குழிவில் குவிந்திருந்தது. விடுமுறைக் கூட்டம் வராவிட்டால் வெண்டெலின் லிப்டை மூடவேண்டியதுதான். தொப்பியைக் கையில் பிடித்தபடி எங்கள் சமையலறைக்கு வந்தான். லாரி வைத்துக் கொஞ்சம் பனி அள்ளிக்கொள்ளவிடு என்று காலில் விழாத குறையாகக் கேட்டான்.

அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருண்ணே. இந்த மேசைமேல வெயில் விழட்டும், பதில் சொல்றேன்."

"பிப்ரவரியிலதானே விழும், அஃப்ரா?"

"தெரியுதுல்ல? உக்காரு."

தங்கை மனம் இளகும் என்று அவன் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தான். அண்ணி உருளைக்கிழங்கு உரித்தாள், ரொட்டி உருண்டை பிடித்தாள், அவனுக்கும் ஒரு தட்டு வைத்தாள். எங்கே இளகித் தொலைப்பாளோ என்று எனக்குத்தான் பதைப்பு. அவள் இளகவில்லை. அவன் தட்டைத் தொடாமல் எழுந்து போனபோது எனக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

பிப்ரவரி பிறந்து, மெழுகுவர்த்தித் திருநாளன்று மேசைமேல் வெயில் விழுந்தது. அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"வெயில் வந்திடுச்சுண்ணே. லாரிய அனுப்பு, எவ்வளவு வேணுமோ அள்ளிக்கோ."

லிப்டை விற்றாயிற்று, ஜனவரியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்றான் வெண்டெலின்.

"ரோசினாவும் ஜனவரியிலதான் போனா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள் அண்ணி.