பதினோரு டிஸ்க்கும் ஒரு குரலும்

துணிக்கடைக் கட்டைப்பை ஒன்றை இரு கைகளாலும் மார்போடு அணைத்தபடி என் மாமனார் ஹெப்பகோடியில் எங்கள் வாடகை வீட்டுப் படியேறி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் கண்ணில் நிற்கிறது. மர்பி டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். பையைத் தரையில் வைக்க மனமில்லாமல் சோபாவில் வைத்து, உள்ளே இருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்தார். பழைய துண்டுகளில் சுற்றிய ஹார்ட் டிஸ்க்குகள், மொத்தம் பதினொன்று. ஒவ்வொன்றின் மேலும் பிளாஸ்திரி ஒட்டிப் பேனாவால் ஏதோ எழுதியிருந்தார். பாதி எழுத்து அழிந்துபோயிருந்தது. "மாப்ள, இதெல்லாம் ஒண்ணா டிவியில பாக்கற மாதிரி செஞ்சு குடுப்பீங்களா?" என்றார். கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி அது.

அவர் கல்யாண வீடியோ எடுத்தவர். மர்பி டவுன், ஆஸ்டின் டவுன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் அவர் கேமரா போகாத கல்யாணமோ ஞானஸ்நானமோ குறைவு. தொழில் தொடங்கிய நாளிலிருந்து அவருக்கு லைட் பிடித்தவர் என் மாமியார். கையைச் சுடும் அந்தப் பெரிய விளக்கைத் தூக்கிக்கொண்டு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியபடி, கேமராவுக்கு ஓரடி பின்னாலேயே நடப்பாராம். என் மனைவி பி.யு.சி. படிக்கும்போது மாமியார் இறந்துவிட்டார். நான் அவரைப் பார்த்ததில்லை. அத்தனை வருடம் அத்தனை பேர் முகத்தில் வெளிச்சம் போட்டவர் ஒரு வீடியோவிலும் விழவில்லை. வீட்டில் மிஞ்சியது இரண்டு போட்டோ.

"மொகம் இருக்குது மாப்ள. கொரல்தான் எனக்கு மறந்துகினே போவுது" என்றார் மாமா, டிஸ்க்குகளைப் பார்த்தபடி. கல்யாண வீட்டுக்காரர்களுக்குக் கொடுத்த வீடியோக்களில் பாட்டைப் போட்டுப் பேச்சையெல்லாம் அழித்திருப்பார்கள். இந்த டிஸ்க்குகளில் இருந்ததோ கேசட்டிலிருந்து அப்படியே ஏற்றிய, வெட்டாத ஒட்டாத படம். எங்கோ ஓரிடத்தில் அவர் மனைவி பேசியிருப்பார். எதில் என்று தெரியாது. ஒவ்வொன்றாக மாட்டிப் பார்க்க என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்க அவருக்குக் கூச்சம். எல்லாம் ஒரே நேரத்தில் ஓட வேண்டும், ரிமோட்டைக் கையில் எடுத்தால் போதும் என்று இருக்க வேண்டும்.

என்னிடம் இருந்தது அலுவலகத்தில் கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்று. அதைத்தான் டிவிக்குப் படம் அனுப்பும் வீட்டு சர்வராக வைத்திருந்தேன். டிஸ்க் மாட்ட அதில் நான்கு இடம், ஒன்றில் ஏற்கெனவே அதன் சொந்த டிஸ்க். பதினொன்றையும் தாங்கும் புதுப் பெட்டியை வாங்க எங்களுக்கு வசதி இல்லை. இருவரும் பழைய எலக்ட்ரானிக் சாமான் விற்கும் எஸ்.பி. ரோடுக்குப் போனோம். ஏதோ கம்பெனி சர்வரிலிருந்து கழற்றிய ஒரு கார்டைக் கடைக்காரர் எடுத்துக் காட்டினார். அதைச் செருகினால் இன்னும் எட்டு டிஸ்க் மாட்டலாம். "சென்னாகிதே சார், நல்ல சரக்கு, கண்ண மூடினு வாங்கலாம்" என்றார். மாமா கன்னடத்தில் பேரம் பேசி, கேபிள்களையும் சேர்த்தே வாங்கிவிட்டார். டிஸ்க்குகளை அடுக்க இடமில்லையே என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, அடுத்த ஞாயிறு மாமா தன் பழைய கடையிலிருந்த வீடியோ கேசட் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். கேசட்டின் அகலமும் டிஸ்க்கின் அகலமும் ஏறக்குறைய ஒன்று என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வரிசையாகச் செருகினோம், கச்சிதமாக நின்றன. கார்டு சூடேறாமலிருக்க ஒரு சின்ன ஃபேனைக் கட்டினேன்.

கரண்ட் விஷயத்தில்தான் தப்புச் செய்தேன். ஒரு வயரிலிருந்து நான்காகப் பிரியும் மலிவான கனெக்டர்களை வாங்கி மாட்டினேன். இரண்டு வாரம் ஓடியது, மாமா ஞாயிறுதோறும் வந்து பார்த்தார். மூன்றாவது வாரம் மாமா படம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிளாஸ்டிக் தீயும் நாற்றம் வந்தது. ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன். கனெக்டர் ஒன்று உருகி, அதில் மாட்டியிருந்த டிஸ்க் செத்துப்போயிருந்தது. பிளாஸ்திரியில் 'பழசு 3' என்று இருந்தது. அவர் இன்னும் பார்க்காத டிஸ்க். மாமா காபியைக் குடித்தார், டம்ளரைக் கழுவி வைத்தார், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அதன்பின் இரண்டு ஞாயிறு வரவில்லை.

மிச்சம் பிடிக்கப் போய் அந்த மனிதரின் மனைவி குரலை எரித்துவிட்டேனோ என்ற நினைப்பு அலுவலகத்தில்கூட என்னை விடவில்லை. மூன்றாம் வாரம் மர்பி டவுனுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். "நீங்க என்னா செய்வீங்க மாப்ள. எனக்கே அத்தப் போட்டுப் பாக்க பயமா இருந்துச்சு. எல்லாம் பாத்து முடிச்சி, அவ எதுலயும் இல்லன்னா அப்பறம் நான் எதத் தேடுவேன்?" என்றார். பிறகு அவரே எழுந்து சட்டையை மாட்டினார். "வாங்க, மீதி பத்து இருக்குதுல்ல." போகும் வழியில் கரண்டுக்கென்று தனியாகப் பழைய பவர் சப்ளை ஒன்றை வாங்கினோம். இந்தமுறை ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுத் தொட்டுச் சூடு பார்த்தேன்.

குரல் கிடைத்தது ஒரு மழைக்காலத்துச் சாயங்காலம். ஆஸ்டின் டவுனில் நடந்த ஏதோ கல்யாணம். பெண்ணை அனுப்பும் நேரம். மாமா பார்த்துக்கொண்டிருந்தார். சமையலறையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்த என் மனைவி கரண்டியோடு ஓடிவந்தாள். "டாடி, நிறுத்துங்க! மம்மி!" மாமா திகைத்தார். அவருக்கு அப்போதே காது மந்தம். பின்னால் ஓட்டிப் போட்டோம், அவருக்குக் கேட்கவில்லை. மறுபடியும் போட்டோம். அவர் என் முகத்தையும் மகள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்த பார்வையைத் தாங்க முடியவில்லை. ஆபீஸ் ஹெட்போனை எடுத்துவந்து அவர் காதில் வைத்து, சத்தத்தை முழுக்க ஏற்றினேன்.

"ஏங்க, பொண்ணோட அம்மா அழுவுறாங்க. அத்த எடுக்காதீங்க."

அவ்வளவுதான். அந்தச் சொல்லுக்குப் பிறகு படத்தில் கேமரா மெல்லத் திரும்பி, வெறும் சுவரையும் அதில் தொங்கிய காகிதத் தோரணத்தையும் பார்த்துக்கொண்டு நிற்கிறது. மாமா ஹெட்போனை இரு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அடுப்பில் தோசை தீய்ந்தது. ஹெட்போனைக் கழற்றாமலேயே, "நான் திருப்பிட்டேன் பாத்தியா பாப்பா. அவ சொன்னா கேட்டுடுவேன்" என்று மகளிடம் சொன்னார்.

அதற்குப் பிறகும் அவர் ஞாயிறு தவறாமல் வந்தார். குரலைத் தேடுவதை விட்டுவிட்டார். யார் யாரோ மணமக்களின் முகத்தில் விழும் வெளிச்சம் திடீரென்று ஒருமுறை ஆடிவிட்டு நிற்கும். "தோ பாருங்க மாப்ள, கை வலிக்குது அவளுக்கு. மாத்திப் புடிக்கறா" என்பார்.

போன வருடம் மாமாவும் போய்விட்டார். டிஸ்க்குகள் இப்போதும் ஓடுகின்றன. இரண்டில் பழுது தெரிந்ததும் புதிதாக ஒன்றை வாங்கி அவற்றிலிருந்ததை மாற்றினேன். எல்லாம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, சென்ற மாதம் ஒரு படத்தை டிவியில் ஓடவிட்டேன். மாமியாரின் குரல் அந்த ஓரிடத்தில்தான். மாமாவின் குரலோ எல்லாப் படத்திலும் இருக்கிறது. கேமராவுக்குப் பின்னால் இருந்துகொண்டு யாரையாவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். அன்று ஏதோ கல்யாணத்துச் சின்னப் பெண்ணை, "பாப்பா, இங்க வா" என்று கூப்பிட்டார்.

"தோ வரேன் டாடி" என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது.

பிறகு, குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் அதை மூடவில்லை. நானும் எழுந்து போகவில்லை.