புது மாடலில் எது இல்லை?

சென்ற மாதம் பைக் வாங்க சேலத்துக்குப் புறப்பட்ட என் கணவரோடு நானும் எருமப்பட்டியிலிருந்து போனேன். கடையில் ஒரே பைக்கின் போன வருட மாடலும் இந்த வருட மாடலும் நின்றன. புதியது பந்தய வண்டி போல ஒல்லியாக இருந்தது. அவருக்கு அதன்மேல்தான் கண்.

“ஏனுங்க, ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?” என்று கேட்டேன்.

“புதுசு ஓட்டம் ஜாஸ்திங்க” என்றார் கடைக்காரர்.

புதியதை ஓட்டிப் பார்க்க ஓமலூர் ரோட்டில் கிளம்பினோம். கொஞ்ச தூரத்திலேயே யாரோ என்னைப் பிடித்து இழுப்பது போல இருந்தது. முந்தானை பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் தோளில் அடித்து நிறுத்தச் சொன்னேன். வண்டி வேகமெடுக்கவில்லை, பிழைத்தேன். சேலைதான் போயிற்று.

திரும்பி வந்து இரண்டையும் உற்றுப் பார்த்தேன். சேலை சிக்காமல் தடுக்கும் பின்சக்கரக் கம்பி பழையதில் இருந்தது. புதியதில் அழகுக்காக எடுத்துவிட்டார்களாம்.

“உங்க ஊட்டுப் பொம்பளைங்க பைக்ல உக்கார மாட்டாங்களாங்க?” என்றேன். பழைய மாடலில்தான் ஊர் திரும்பினோம்.

இப்போதெல்லாம் யார் புது மாடல் என்று காட்டினாலும், இதில் எதை எடுத்துவிட்டீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். நேற்று மிக்சி கடையிலும் கேட்டேன். கடைக்காரர் மிக்சியைத் தன் பக்கம் திருப்பி, தானே தேட ஆரம்பித்துவிட்டார்.